ஜான்ஸ்கர்: துணையாறுகளின் வழியே ஓர் ஆற்றைப் படிப்போம்

'சிந்து நதியின் துணையாறுகள் யாவை?' என்று கேட்டால், மாணவர்கள் மூச்சுவிடாமல் ஐந்து பெயர்களைச் சொல்லிவிடுவார்கள். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ். விடை சரியானது. முழு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

அடுத்து இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'இந்த ஐந்தும் சிந்துவில் எந்த இடத்தில் சேருகின்றன?' வகுப்பு அமைதியாகிவிடும். உண்மையில் இந்த ஐந்தும் தனித்தனியாகச் சிந்துவில் சேர்வதில்லை. ஜீலமும் ராவியும் செனாப்பில் சேருகின்றன. பியாஸ் சட்லெஜில் சேருகிறது. செனாப்பும் சட்லெஜும் கூடிப் பஞ்சநதம் என்ற பெயரில் சிறிது தூரம் ஓடி, பாகிஸ்தானின் மிதன்கோட் அருகே சிந்துவை அடைகின்றன. அது சமவெளி. அந்த இடத்தை அடைவதற்கு முன்பே சிந்து மலைகளை எல்லாம் கடந்து, பெரிய ஆறாகிவிட்டது. அப்படியானால் மலைப்பகுதியில் அதைப் பெரிதாக்கிய ஆறுகள் எவை? ஜான்ஸ்கர், சுரு, ஷியோக், கில்கிட், காபூல் என்று அந்தப் பட்டியல் நீளும். பாடநூலின் ஒற்றை வரிக்குள் இவை எல்லாம் அடங்குவதில்லை.

இவற்றுள் ஜான்ஸ்கர் ஆற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக, துணையாறு துணையாறாகப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் ஆற்றை முழுமையாகப் படித்தால், நீர்பிரி மேடு, வடிநிலம், பனியாறு, மழை மறைவுப் பகுதி, நிலச்சரிவு என்று நாம் தனித்தனிப் பாடங்களாக நடத்துபவை ஒரே கதையாக இணைவதைக் காணலாம். துணையாறுகளை அறிந்திருப்பது மக்களின் உயிரோடு தொடர்புடைய செய்தி என்பதும் விளங்கும்.

எங்கே இருக்கிறது இந்த ஆறு?

லடாக் யூனியன் பிரதேசத்தின் தென்மேற்குப் பகுதியில் இருக்கிறது ஜான்ஸ்கர். சில நிலப்படங்களிலும் நூல்களிலும் 'ஜாஸ்கர்' என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. இதன் தெற்கே பெரிய இமயமலைத்தொடர் நிற்கிறது. வடக்கே ஜான்ஸ்கர் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் ஒரு திறந்த சமவெளி. அதன் முக்கிய ஊர் பதும். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று சொன்னால், பதும் எவ்வளவு உயரம் என்பது நம் மாணவர்களுக்குப் பிடிபடும்.

லடாக்கிய மொழியில் 'சூ' என்றால் நீர் அல்லது ஆறு. 'லா' என்றால் கணவாய். இந்த இரண்டு சொற்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு லடாக்கின் நிலப்படத்தை விரித்தால், எது ஆறு, எது கணவாய் என்பதை மாணவர்களே பெயரைப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள்.

மூன்று கணவாய்களும் நீர்த்துளிகளும்

நீர்பிரி மேடு என்ற கருத்தை விளக்க ஜான்ஸ்கரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மூன்று கணவாய்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மேற்கே உள்ள பென்சி லா. உயரம் சுமார் 4,400 மீட்டர். இதன் தென்கிழக்குச் சரிவில் உருகும் பனி ஸ்டோட் ஆற்றில் சேர்ந்து பதுமை நோக்கி ஓடும். மறுபக்கச் சரிவில் உருகும் பனி சுரு ஆற்றில் சேர்ந்து கார்கில் வழியாகப் போகும்.

இரண்டாவது, தெற்கே பெரிய இமயமலையின் முகட்டில் உள்ள ஷிங்கோ லா. உயரம் 5,000 மீட்டருக்கு மேல். ஷிங்கு லா என்றும் சொல்வார்கள். வடபக்கம் விழும் துளி குர்கியாக் ஆற்றில் சேர்ந்து ஜான்ஸ்கரை அடையும். தென்பக்கம் விழும் துளி இமாச்சலப் பிரதேசத்தின் தார்ச்சா அருகே பாகா ஆற்றில் கலக்கும்.

மூன்றாவது, தென்கிழக்கே உள்ள பாராலாச்சா லா. உயரம் சுமார் 4,890 மீட்டர். மணாலியிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் போகிறது. இந்த ஒரு கணவாய்ப் பகுதியிலிருந்து மூன்று ஆறுகள் மூன்று திசைகளில் கிளம்புகின்றன. பாகா ஒரு பக்கம், சந்திரா மறுபக்கம், யூனம் வடபக்கம். பாகாவும் சந்திராவும் ஒரு மலைக்கூட்டத்தை இருபுறமும் சுற்றி வந்து தாண்டி என்ற இடத்தில் கூடிச் சந்திரபாகா ஆகின்றன. அதுவே கீழே செனாப். யூனம் மட்டும் வடக்கே ஓடி, சர்ச்சு சமவெளிக்கு அருகே சாரப் ஆற்றில் கலந்து, ஜான்ஸ்கரின் பகுதியாகிவிடுகிறது.

பாராலாச்சா லாவில் அடுத்தடுத்து விழும் இரண்டு பனித்துகள்களை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்று வடக்கே சரிந்து யூனம், சாரப், ஜான்ஸ்கர் வழியாக லடாக்கிலேயே சிந்துவில் சேர்கிறது. மற்றொன்று தெற்கே சரிந்து பாகா, செனாப், பஞ்சநதம் வழியாக மிதன்கோட் அருகே சிந்துவை அடைகிறது. கையெட்டும் தூரத்தில் விழுந்தவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிரிந்து ஓடி, மறுபடி ஒரே ஆற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகின்றன. நீர்பிரி மேடு என்பதை வரையறையாக மனப்பாடம் செய்த மாணவருக்கு, அது நிலத்தில் எப்படி இயங்குகிறது என்பது இப்போது புரியும். சிறிய வடிநிலங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி ஒரு பெரிய வடிநிலம் ஆவதும் புரியும்.

இரண்டு கைகள்: ஸ்டோட், சாரப்

பதும் சமவெளியை ஒரு மனித உடலாக நினைத்தால், அதற்கு இரண்டு நீண்ட கைகள். மேற்கிலிருந்து வரும் கை ஸ்டோட். இதற்கு டோடா என்றும் பெயர் உண்டு. பென்சி லாவின் அருகே டிராங்-டுருங் என்ற பனியாறு இருக்கிறது. ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளம் கொண்ட இது, லடாக்கின் பெரிய பனியாறுகளில் ஒன்று. இதன் முகப்பிலிருந்து உருகி வரும் நீரே ஸ்டோட் ஆற்றின் முக்கிய ஊற்று. அகன்ற பள்ளத்தாக்கில், பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும், கூழாங்கற்களின் மேல் பரவி ஓடும் ஆறு இது.

தென்கிழக்கிலிருந்து வரும் கை சாரப். சர்ச்சு பக்கமிருந்து வடமேற்காக, ஆழமான குறுகிய பள்ளத்தாக்குகளின் வழியே வருகிறது. வழியில் செங்குத்துப் பாறையில் தேன்கூடு போலத் தொங்கும் புக்தல் பௌத்த மடாலயத்தைக் கடக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, புர்னே என்ற சிற்றூரில், ஷிங்கோ லாவிலிருந்து வரும் குர்கியாக் ஆறு இதில் கலக்கிறது. அங்கிருந்து பதும் வரை இதை லுங்நாக் என்றும் அழைப்பார்கள். மடாலயத்தை ஒட்டிய பகுதியில் புக்தல் ஆறு என்ற பெயரும் வழங்குகிறது.

ஒரே நீருக்கு இத்தனை பெயர்கள் ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு அந்தந்தப் பள்ளத்தாக்குதான் உலகம். தங்கள் ஊர் வழியே ஓடும் நீருக்கு அவர்கள் ஒரு பெயர் வைக்கிறார்கள். நிலப்படம் வரைபவர்கள் பிற்பாடு வந்து அதில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் ஓடைகளுக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறுவதை மாணவர்கள் தங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பதும் அருகே ஸ்டோட்டும் லுங்நாக்கும் கூடிய பிறகுதான் ஜான்ஸ்கர் என்ற பெயர் தொடங்குகிறது.

மலைத்தொடரை அறுத்துச் செல்லும் பாதை

இதுவரை வந்த ஆறுகள் மலைத்தொடர்களுக்கு இணையாக, இடைப்பட்ட பள்ளங்களில் ஓடின. பதுமுக்குக் கீழே நிலைமை மாறுகிறது. ஜான்ஸ்கர் வடக்கே திரும்பி, தன் பெயரையே கொண்ட மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இருபுறமும் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரப் பாறைச் சுவர்கள். சில இடங்களில் ஆறு சில மீட்டர் அகலமே இருக்கும். சில்லிங் என்ற ஊருக்கு அருகே கிழக்கிலிருந்து மார்க்கா ஆறு வந்து சேர்கிறது. பிறகு நிம்மு என்ற இடத்தில் ஜான்ஸ்கர் சிந்துவில் கலக்கிறது. லேயிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், சாலையோரத்திலிருந்தே இந்தச் சங்கமத்தைப் பார்க்கலாம். இரண்டு ஆறுகளின் நீரும் இரண்டு நிறங்களில் சிறிது தூரம் பக்கம் பக்கமாக ஓடிப் பிறகு கலக்கும்.

உயர்நிலை வகுப்புகளில் இங்கே ஒரு நல்ல விவாதத்தைத் தொடங்கலாம். நீர் தாழ்வான இடத்தைத் தேடித்தான் ஓடும் என்கிறோம். அப்படியிருக்க, ஓர் ஆறு மலைத்தொடரைக் குறுக்கே கடப்பது எப்படி? இதற்குப் புவியியலாளர் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, மலை எழும்புவதற்கு முன்பே ஆறு அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம். மலை உயர உயர, ஆறும் அதே வேகத்தில் அறுத்துக்கொண்டே வந்திருக்கலாம். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகியவை இமயத்தைக் கடக்கும் இடங்களுக்கு இந்த விளக்கம்தான் பெரும்பாலும் தரப்படுகிறது. மற்றொன்று, மறுபக்கம் ஓடும் ஓர் ஓடை தன் தலைப்பகுதியை அரித்து அரித்துப் பின்னோக்கி நகர்ந்து, மலையைத் துளைத்து, இந்தப் பக்க ஆற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டில் எது சரி என்று முடிவு சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சான்று கிடைத்தால் எந்த விளக்கம் வலுப்பெறும் என்று மாணவர்களைச் சிந்திக்க வைத்தால் போதும்.

அந்தப் பாறைச் சுவர்களே ஒரு பாடம். டெத்திஸ் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புப் படிவுகள் மடிந்து, முறுக்கி, செங்குத்தாக நிமிர்ந்து நிற்பதை அங்கே காணலாம். கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் இந்த மலைகளில் கிடைக்கின்றன. இமயமலை இருக்கும் இடத்தில் முன்பு கடல் இருந்தது என்று நாம் சொல்வதற்கு இதைவிட நேரடிச் சான்று வேறில்லை.

மழையில்லா நாட்டில் ஆறு எப்படி நிறைகிறது?

நம் மாணவர்களுக்கு ஆறு என்றால் மழை. கர்நாடகத்தில் மழை பெய்தால் காவிரியில் தண்ணீர் வரும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் வைகையிலும் பாலாற்றிலும் நீர் ஓடும். ஜான்ஸ்கரை விளக்கும்போது இந்த அனுபவத்தைத் தலைகீழாக்க வேண்டும்.

பருவக்காற்றின் ஈரத்தைப் பெரிய இமயமலைத்தொடர் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. லேயின் ஆண்டு மழைப்பொழிவு சுமார் 100 மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டின் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல். மழையைக் கணக்கிட்டால் லடாக் ஒரு குளிர் பாலைவனம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் உயரமான முகடுகளில் பனியைப் பொழிந்துவிட்டுப் போகின்றன. அந்தப் பனி அப்படியே சேமிப்பாக இருந்து, வெயில் ஏறும்போது உருகி ஆற்றில் இறங்குகிறது. ஆகவே ஜான்ஸ்கரில் நீர் பெருகுவதற்குக் காரணம் மேகத்தைவிட வெப்பமே. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஆறு உச்சத்தில் ஓடுகிறது. ஜனவரியில் மிகக் குறைவு.

இது ஆண்டுக்கணக்கில் மட்டும் நிகழும் மாற்றமன்று. ஒரே நாளுக்குள்ளும் நிகழ்கிறது. பனியாற்றுக்கு அருகே உள்ள ஓடைகளில் காலையில் முழங்காலளவு நீர் ஓடும். நண்பகல் வெயிலில் உருகிய பனி வந்து சேர, மாலையில் அதே ஓடையைக் கடக்க முடியாமல் போகும். அதனால்தான் அந்தப் பகுதியின் மேய்ப்பர்களும் வழிப்போக்கர்களும் ஓடைகளை விடியற்காலையில் கடக்கிறார்கள். வெயில் சுட்டெரிக்கும் தெளிந்த நாளில் வெள்ளம் வரும் என்று சொன்னால் நம் மாணவர்கள் வியப்பார்கள். அந்த வியப்பிலிருந்து 'வற்றாத ஆறு' என்ற சொல்லின் பொருளை விளக்கத் தொடங்கலாம்.

நிம்மு சங்கமத்தில் கோடைக்காலத்தில் முதன்மை ஆறாகிய சிந்துவைவிட, துணையாறாகிய ஜான்ஸ்கர் அதிக நீரைக் கொண்டுவருகிறது. காரணம், அதுவரை சிந்து ஓடி வந்த திபெத்திய, கிழக்கு லடாக் நிலங்கள் மிகவும் வறண்டவை. ஜான்ஸ்கரின் துணையாறுகளோ பெரிய இமயமலையின் பனியாறுகளிலிருந்து நேரடியாக நீரைப் பெறுகின்றன. ஆகவே 'துணையாறு' என்ற சொல்லைக் கேட்டதும் சிறியது என்று முடிவு செய்யக்கூடாது. எது முதன்மை, எது துணை என்பதை நீளம், வழக்கில் உள்ள பெயர், வரலாறு ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஊர்கள் பெரிய ஆற்றை நம்பி இல்லை

ஆற்றங்கரையில் நாகரிகம் வளர்ந்தது என்று படித்த மாணவர்கள், ஜான்ஸ்கர் மக்கள் அந்த ஆற்று நீரால்தான் பயிர் செய்கிறார்கள் என்று நினைப்பார்கள். ஆனால் பெரும்பாலான ஊர்கள் பெரிய ஆற்றின் நீரைப் பயன்படுத்துவதில்லை. அது பல இடங்களில் ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. மேலே ஏற்ற முடியாது. ஒவ்வொரு ஊரும் தனக்கு மேலே உள்ள மலையிலிருந்து இறங்கும் ஒரு சிற்றோடையை நம்பி இருக்கிறது. அந்த ஓடை மலையடிவாரத்தில் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் விசிறி போலப் பரவிய நிலமே வயல். அதில் பார்லியும் பட்டாணியும் விளைகின்றன. உயரத்திலிருந்து பார்த்தால் பழுப்பு நிற மலைகளுக்கு நடுவே பச்சை விசிறிகளாக இந்த ஊர்கள் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. அந்தச் சிற்றோடைக்கு மேலே உள்ள பனி குறைந்தால், ஊருக்கு வேறு வழியில்லை. பதுமுக்கு அருகில் உள்ள குமிக் என்ற பழமையான ஊரில் இதுதான் நடந்தது. மேலே உள்ள மலையில் பனி சேர்வது குறைந்து, ஓடை சுருங்கி, வயலுக்கு மட்டுமல்லாமல் குடிக்கவும் நீர் போதாமல் போனது. ஊர் மக்கள் கூடிப் பேசி, கீழே பெரிய ஆற்றுக்கு அருகில் உள்ள வறண்ட மேட்டு நிலத்துக்கு இடம்பெயர முடிவு செய்தார்கள். ஆற்று நீரைக் கொண்டுவர நீண்ட கால்வாயை வெட்டும் பணியில் தாங்களே இறங்கினார்கள். காலநிலை மாற்றம் என்ற பாடத்தில் துருவக்கரடிப் படத்தோடு நின்றுவிடாமல், நம் நாட்டிலேயே ஒரு கிராமம் தன் ஓடையை இழந்த இந்த வரலாற்றையும் சொல்லலாம்.

லடாக்கில் இதற்கு மாற்று தேடியவர்களும் உண்டு. பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாகும் ஓடை நீரை ஊருக்கு மேலே நிழலான சரிவுகளில் தேக்கி உறையவைத்து, விதைக்கும் பருவத்தில் உருகிக் கிடைக்கும்படி செய்தார். 'செயற்கைப் பனியாறு' என்று அறியப்பட்ட இப்பணிக்காக அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சோனம் வாங்சுக், குழாய் வழியே இறங்கும் நீரைப் பீய்ச்சி, கூம்பு வடிவப் பனிக் குன்றுகளாக உறையவைத்தார். கூம்புக்குக் கன அளவு அதிகம், வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் மெதுவாக உருகும். கணிதத்தில் கன அளவும் புறப்பரப்பும் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது பயன்படும்.

உறைந்த ஆறே சாலையான இடம்

குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20, 30 டிகிரி வரை இறங்கும். கணவாய்கள் பனியால் மூடிக்கொள்ளும். அப்போது ஜான்ஸ்கருக்கு வெளியுலகத் தொடர்பைத் தந்தது அந்த ஆறுதான். ஜனவரி, பிப்ரவரியில் குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றின் மேற்பரப்பு உறைந்து பனிப்பாளமாகும். கீழே நீர் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் 'சாதர்' என்பார்கள். போர்வை என்று பொருள். மக்கள் வெண்ணெய் போன்ற பொருள்களைச் சுமந்துகொண்டு இதன் மேல் பல நாள்கள் நடந்து லேக்குப் போய் வந்தார்கள். விடுமுறை முடிந்து லேயில் உள்ள பள்ளிகளுக்குத் திரும்பும் பிள்ளைகளும் இந்தப் பனிப்பாளத்தின் மேல் பெற்றோருடன் நடந்தே சென்றார்கள். பள்ளிக்கு வருவது என்பது நாட்டின் எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரியானதன்று என்பதைத் தொடக்க நிலைக் குழந்தைகளுக்கும் சொல்லலாம்.

இப்போது நிலைமை மாறி வருகிறது. நிம்முவிலிருந்து பதும் வழியாக தார்ச்சா வரை செல்லும் 298 கிலோமீட்டர் சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு 2024 மார்ச்சில் இணைத்தது. ஷிங்கு லாவுக்கு அடியில் சுமார் 4.1 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைப் பணி 2024 ஜூலையில் தொடங்கியது. நிலப்படத்தில் இந்தச் சாலையைத் தேடிப் பார்த்தால், அது பெரும்பாலும் ஆறுகளை ஒட்டியே போவதைக் காணலாம். மலையில் சாலை போடுபவருக்கும் வழிகாட்டி ஆறுதான்.

ஒரு துணையாறு அடைபட்டபோது

2014 டிசம்பர் 31 அன்று, புக்தல் மடாலயத்துக்கு மேலே, மனிதர் எளிதில் போக முடியாத ஓர் இடத்தில் மலைச்சரிவு ஒன்று சரிந்து சாரப் ஆற்றை அடைத்தது. அந்த இடம் பதுமிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சரிந்த மண்ணும் பாறையும் இயற்கை அணையாகி நின்றன. பின்னால் நீர் தேங்கித் தேங்கிப் பல கிலோமீட்டர் நீள ஏரியானது.

குளிர்காலம் என்பதால் ஆற்றில் நீர்வரத்து குறைவு. ஏரி மெதுவாகவே நிறைந்தது. ஆனால் கோடை வந்தால் என்ன ஆகும் என்பது இதுவரை படித்த மாணவருக்கே தெரியும். பனி உருகும்; நீர்வரத்து பெருகும்; மண் அணை தாங்காது. அது உடைந்தால் நீர் எந்த வழியே போகும்? புக்தல், புர்னே, பதும், ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கு, நிம்மு, அதற்கும் கீழே சிந்துவில் கட்டப்பட்ட நிம்மு-பாஸ்கோ நீர்மின் அணை. எங்கோ ஆளில்லாத இடத்தில் ஒரு துணையாற்றில் நடந்த நிகழ்வு, அந்த வழியில் உள்ள எல்லா ஊர்களுக்கும் உரிய செய்தியானது.

செயற்கைக்கோள் படங்கள் வழியாக ஏரி கண்காணிக்கப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வல்லுநர் குழுவை அமைத்தது. ராணுவப் பொறியாளர்கள் கடுங்குளிரில் அங்கு சென்று, அடைப்பில் வாய்க்கால் அமைத்து நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்ற முயன்றனர். 2015 மே 7 அன்று அணை உடைந்தது. பாலங்களும் வயல்களும் அடித்துச் செல்லப்பட்டன. புக்தல் மடாலயப் பள்ளியும் பாதிக்கப்பட்டது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை.

அணை உருவாகி உடையும் வரை கிடைத்த நான்கு மாத காலத்தை வீணாக்காமல், நீர் எங்கே தேங்கியிருக்கிறது, எந்த வழியே வரும் என்பதை முன்கூட்டியே கணித்ததே இதற்குக் காரணம். அந்தக் கணிப்புக்கு அடிப்படை, எந்தத் துணையாறு எங்கே சேர்கிறது என்ற எளிய அறிவு. நாம் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நடத்துவதுதான் அது. மாணவர்களுக்கு இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையாற்றில் நீர் திடீரெனப் பெருகுவது மட்டும் ஆபத்தின் அறிகுறியன்று. காரணமில்லாமல் திடீரெனக் குறைவதும் ஆபத்தின் அறிகுறியே. மேலே எங்கோ அடைபட்டிருக்கலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. தொடக்க நிலை: ஈரமணலைக் குவித்து இரண்டு மலைமுகடுகளும் நடுவே ஒரு பள்ளமும் அமையுங்கள். முகட்டின் மீது பனிக்கட்டித் துண்டுகளை வைத்து வெயிலில் விடுங்கள். உருகிய நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே கூடுகிறது என்று குழந்தைகள் பார்த்துச் சொல்லட்டும். மழை இல்லாமலேயே ஆறு உண்டாவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

2. நடுநிலை: பென்சி லா, ஷிங்கோ லா, பாராலாச்சா லா ஆகிய மூன்று கணவாய்களையும் கரும்பலகையில் குறியுங்கள். மாணவர்களைக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கணவாயின் ஒரு சரிவைக் கொடுங்கள். தங்கள் நீர்த்துளி சிந்துவை அடையும் வரையுள்ள வழியை நிலப்படத்தைப் பார்த்து வரைந்து, கடக்கும் ஊர்களின் பெயர்களை எழுதட்டும். இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் இந்த இடங்களின் செயற்கைக்கோள் படங்களைத் திரையில் காட்டலாம்.

3. உயர்நிலை: சாரப் அடைபட்ட நிகழ்வைச் சொல்லிவிட்டு, 'நீங்கள் மாவட்ட நிர்வாகத்தில் இருந்தால் எந்தெந்த ஊர்களுக்கு, எந்த வரிசையில் எச்சரிக்கை அனுப்புவீர்கள்? எந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்? ஏன்?' என்று கேளுங்கள். விடை எழுத நிலப்படம், காலநிலை, பனியாறு ஆகிய மூன்று பாடங்களும் தேவைப்படும்.

4. எல்லா வகுப்புகளுக்கும்: பள்ளிக்கு அருகில் உள்ள ஓடை அல்லது வாய்க்காலின் நீர் எங்கிருந்து வருகிறது, எந்த ஆற்றில் சேர்கிறது, அது எந்தக் கடலை அடைகிறது என்று மாணவர்கள் விசாரித்து வரட்டும். நடுவில் எங்கே அடைப்பு ஏற்பட்டால் தங்கள் தெருவில் நீர் தேங்கும் என்பதையும் அவர்களே குறித்து வரட்டும்.

அடுத்த தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும்போது, 'சிந்துவின் துணையாறுகளைக் கூறுக' என்ற வினாவோடு இன்னொரு வினாவையும் சேர்த்துப் பாருங்கள். 'பாராலாச்சா லாவின் வடசரிவில் உருகும் பனி சிந்துவை அடையும் வழியை வரைக.' முதல் வினாவுக்கு நினைவாற்றல் போதும். இரண்டாவதற்கு, மாணவர் நிலப்படத்தில் விரலை வைத்து ஒரு துளி நீரோடு நடந்து போக வேண்டும்.